நீதிபதி வேடத்துக்கு முன்னால்

என் வேலை நிற்பது. பேசக்கூடாது, நடிக்கக்கூடாது, முகத்தில் ஒன்றையும் காட்டக்கூடாது. மொன்றியலின் சென்ட் லோரன்டில் ஒரு காலம் தளபாடக் கிடங்காக இருந்த கட்டடத்துக்குள், தரையில் ஒட்டிய சிவப்பு நாடாவின்மேல் இரண்டு காலையும் வைத்து நிற்க வேண்டும். விளக்குக்காரர்கள் என் மூக்கின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். கமராக்காரர் தூரம் அளப்பார். எல்லாம் சரிவந்த பிறகு என்னை விலகச் சொல்லிவிட்டு, அதே நாடாவின்மேல் உண்மையான நடிகையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இதற்கு ஸ்டாண்ட்-இன் என்று பெயர். "சும்மா நிக்கிறதுக்குச் சம்பளமோ?" என்று என் கணவர் கேட்டார். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிற மனிதருக்கு அது அநியாயமாகப் பட்டதில் ஆச்சரியமில்லை.

அதற்கு முன் நான் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசைப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அது மூடப்பட்டபோது எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பிரெஞ்சு அரைகுறை, ஆங்கிலம் தொலைக்காட்சியில் பொறுக்கியது. அப்படிப்பட்ட ஒருத்தியை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? ஆனால் ஓர் அமெரிக்கத் தொடர் இங்கே எடுக்கப்பட இருந்தது. கதாநாயகி, யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போய் அமெரிக்காவில் வழக்கறிஞரான தமிழ்ப் பெண். அதில் நடிக்கிறவரின் உயரமும் நிறமும் உள்ள ஒருத்தி வேண்டும் என்று தேடினார்கள். ஆள் பிடிக்கிற அலுவலகத்தில் ஒரு பெண் நிற அட்டை ஒன்றை என் கன்னத்தோடு பிடித்துப் பார்த்தாள், பெயின்ற் கடையில் சுவருக்கு நிறம் தேடுவதுபோல. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சம்பளத்தைச் சொன்னதும் இறங்கிவிட்டது.

கதை நடப்பது அமெரிக்க நகரம் ஒன்றில், எடுப்பது மொன்றியலில். இங்கே எடுத்தால் அவர்களுக்கு மலிவு. தெருவில் படம்பிடிக்கிற நாட்களில் விடியவே வந்து, முனையில் பிரெஞ்சில் நிற்கச் சொல்லும் பலகையைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் நிற்கச் சொல்லும் பலகையை மாட்டுவார்கள். தெப்பனேர் என்கிற மூலைக்கடையின் பெயருக்கு மேல் துணி போர்த்துவார்கள். பின்னேரம் மொன்றியலை மொன்றியலிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லாருமே இன்னொன்றின் இடத்தில் நிற்கிற இடம் அது, நான் மட்டுமில்லை.

அந்த நடிகைக்கு நாற்பத்தெட்டு வயது. அமெரிக்காவில் பிறந்தவர், தாய் தகப்பன் சென்னைப் பக்கம். இருபது வருடத்துக்கு மேலாக அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் நடித்துக்கொண்டிருந்தார். நீங்களும் அவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், ஆனால் நினைவிருக்காது. ஆசுப்பத்திரிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "உங்கள் கணவர் பிழைத்துக்கொண்டார்" என்று சொல்லிவிட்டுப் போகிற டாக்டர் அவர்தான். அதற்குப் பிறகு கமரா அழுகிற மனைவியோடு நின்றுவிடும், டாக்டர் நடைபாதையில் காணாமல் போய்விடுவார்.

நடிகைகளின் கதி எனக்குப் புதிதில்லை. கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலம், கைக்குழந்தையோடு சென்ட் லோரன்ட் அபார்ட்மென்டில் அடைபட்டுக் கிடந்தபோது எனக்குத் துணையாக இருந்தவை மத்தியான நேரத்து அமெரிக்கத் தொடர்கள். ஆங்கிலம் பழகத்தான் பார்க்கத் தொடங்கினேன். போகப் போகக் கதையைவிட அந்தப் பெண்களின் பிழைப்புத்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒருத்தி மகளாக வருவாள். நாலைந்து வருடத்தில் மனைவி. இன்னும் கொஞ்சத்தில், தன்னைவிடப் பத்து வயது இளைய நடிகனுக்குத் தாய். அவளோடு காதலனாக நடித்தவனுக்கு மட்டும் அங்கே புதிது புதிதாகக் காதலிகள் வந்துகொண்டேயிருப்பார்கள். ஒருநாள் எனக்குப் பிடித்த ஒருத்தி மாடிப்படியில் ஏறிப் போனாள். அடுத்த கிழமை அதே உடுப்போடு வேறொருத்தி இறங்கி வந்தாள். இன்று முதல் இந்தப் பாத்திரத்தில் இவர் நடிக்கிறார் என்று ஒரு குரல் சொல்லிற்று. வீட்டில் இருந்த கணவன், பிள்ளை, வேலைக்காரி ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அன்று முழுக்க நெஞ்சு பதைத்தது. ஏறிப்போனவள் எங்கே என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

இதை நான் அந்த நடிகைக்குச் சொன்னபோது சிரித்தார். அவரிடமும் ஒரு கணக்கு இருந்தது. "இருபத்தைந்தில் கதாநாயகியின் தோழி. முப்பத்தைந்தில் டாக்டர். நாற்பத்தைந்து தாண்டினால் நீதிபதி. நீதிபதிதான் கடைசித் தரிப்பிடம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்சேபணை நிராகரிக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும். கால்கூடத் தெரியாது, அதனால் வீட்டுச் செருப்போடு நடிக்கலாம்" என்றார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம், நான்தான் தமிழில் எழுதுகிறேன். இந்த வழக்கறிஞர் வேடம் அவர் வாழ்க்கையில் கிடைத்த முதலாவது கதாநாயகி வேடம். நீதிபதியாக இரண்டு தடவை ஏற்கெனவே நடித்துவிட்டுத்தான் இதற்கு வந்திருந்தார்.

அவரிடம் ஒரு இரகசியம் இருந்தது. அது எனக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்று.

முதல் நாள் நான் நாடாவிலிருந்து விலகி அவருக்கு இடம் விட்டபோது, "நீங்கள் எந்த ஊர், தங்கச்சி?" என்று கேட்டேன். அழகாகச் சிரித்துத் தலையாட்டினார். "இஞ்சத்தைச் சாப்பாடு ஒத்துவருதோ?" என்று கேட்டேன். அதே சிரிப்பு, அதே தலையாட்டல். கொஞ்ச நேரத்தில் என் முழங்கையைப் பிடித்து அலங்காரத் தட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். "தயவுசெய்து ஆட்களுக்கு முன்னால் என்னோடு தமிழ் கதைக்காதீர்கள்" என்றார். தமிழ் சரளமாக வரும் என்று சொல்லித்தான் இந்த வேடத்தை வாங்கியிருந்தார்.

அவர்கள் தொழிலில் அது பொய்யில்லையாம். குதிரை ஓடத் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்று சொல்ல வேண்டும், பிறகு ஓடிப்போய்ப் பழக வேண்டும். அவர் அப்படிக் குதிரையும் பழகியிருந்தார், வாள்வீச்சும் பழகியிருந்தார். தமிழ் குதிரையைவிட முரடாக இருந்தது. வீட்டில் தாய் தகப்பன் தங்களுக்குள் சண்டை பிடிக்க மட்டுமே தமிழை வைத்திருந்தார்கள், பிள்ளைகளுக்கு ஆங்கிலம். "ஒரு சொல்லும் தெரியாதோ?" என்று கேட்டேன். "சாப்பாட்டு மேசைச் சொற்கள் தெரியும். தயிர், போதும், சாப்பிட்டியா. அவ்வளவுதான்" என்றார். தமிழ் வசனங்களை யாரோ ஒருவர் ஒலிப்பதிவு செய்து அனுப்பியிருந்தார். அதைக் காதில் மாட்டிக்கொண்டு பாடமாக்கினார்.

கட்டடத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் உதவி இயக்குநர், கியூபெக்காரப் பெண், ஒவ்வொரு தமிழ் வசனத்துக்குப் பிறகும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். "நல்லாக இருக்கிறதா?" என்பாள். "த்ரே பொன்", மிக நன்று, என்று நான் அவளுடைய பிரெஞ்சிலேயே சொல்வேன். பிடிபட்டால் அவர் மட்டுமில்லை, நானும் வெளியே.

வசனங்களைத் தமிழாக்கிய புண்ணியவான் யாரென்று தெரியாது. யாழ்ப்பாணத்து மகள் தாய்க்குப் போன் எடுத்து, "ஒன்றுமில்லை அம்மா, நான் உங்களைப் பின்னர் அழைக்கிறேன்" என்கிறாள். நீதிமன்றத்துக்குள் அவசரமாக நுழைகிற காட்சி அது. எனக்குப் பொறுக்கவில்லை. "ஒண்டுமில்லை அம்மா, பேந்து எடுக்கிறன்" என்று சொல்லப் பழக்கினேன். நடிகைக்கு அந்தப் 'பேந்து' நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. காட்சி முடிந்த பிறகும் விடவில்லை. கோப்பி வேண்டுமா என்று கேட்டால் "பேந்து". முகத்துக்குப் பவுடர் போட வந்தால் "பேந்து". ஒப்பனைக்காரப் பெண் அதை ஏதோ வணக்கம் என்று நினைத்து அவளும் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

சிரிப்பு அந்தக் கிழமையோடு முடிந்தது.

ஸ்டாண்ட்-இன்னுக்கு முன்னால் எல்லாரும் எல்லாம் பேசுவார்கள், கதிரை மேசைக்கு முன்னால் பேசுவதுபோல. அப்படித்தான் ஒப்பனை அறையில் கேள்விப்பட்டேன். எடுத்தவரைக்கும் தொகுத்துப் பார்த்த தயாரிப்பாளர்களுக்கு நடிகையைப் பிடிக்கவில்லையாம். முகத்தில் சூடு இல்லை என்றார்களாம். லொஸ் ஏஞ்சலிஸில் வேறொருத்தியை, வயது குறைந்தவளை, இதே வேடத்துக்குப் பேச வைத்துப் பார்த்தாயிற்று. இரண்டு தயாரிப்பாளர்கள் வெள்ளிக்கிழமை மொன்றியலுக்கு வருகிறார்கள். அன்றைக்கு எடுக்கிற காட்சியை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். எனக்கு அந்த மாடிப்படிதான் ஞாபகம் வந்தது. இந்தமுறை ஏறிப்போகப்போகிறவரின் கோட்டை, விளக்குச் சரிபார்ப்பதற்காக, நான் நாளாந்தம் போட்டுக்கொண்டு நின்றேன்.

அவருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய முகவர் போனில் சொல்லிவிட்டார். "அந்தக் காட்சி பிழைத்தால் எல்லாம் அவளுக்கு. நான் நடித்தது முழுவதையும் எறிந்துவிட்டு அவளை வைத்துத் திருப்பி எடுப்பார்கள். நான் திரும்பிப் போய் மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டும்" என்றார். அழவில்லை. வசனத் தாளை எடுத்துத் திரும்பவும் பாடமாக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமைக் காட்சி ஒரு போன் அழைப்பு. மகள் தன் அலுவலகத்திலிருந்து ஊரில் இருக்கும் தாய்க்கு எடுத்து, அண்ணன் இறந்த செய்தியைச் சொல்ல வேண்டும். "அம்மா, நான்தான்." "சொல்லு மகளே." "அண்ணா இறந்துவிட்டார்." "என்ன சொல்கிறாய்?" "நான் வருந்துகிறேன், அம்மா." இதுதான் காட்சி. வாசித்துவிட்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பெற்ற தாய்க்கு, அதுவும் வீட்டில் தனிய இருக்கிற மனுஷிக்கு, எங்கள் ஆட்கள் யாராவது இப்படிச் சொல்வார்களா? முதலில் வீட்டில் வேறு யார் நிற்கிறார்கள் என்று விசாரிப்பார்கள். சாப்பிட்டாயோ என்று கேட்பார்கள், செய்தி காதில் விழுந்தால் பிறகு தொண்டைக்குள் ஒன்றும் இறங்காது என்பதற்காக. பிறகு கொஞ்சம் சுகமில்லை என்பார்கள், ஆசுப்பத்திரியில் என்பார்கள். அதற்குள் பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் வாசலுக்கு வந்துவிடுவார்.

என் அப்பா ஊரில் இறந்தபோது என் தங்கச்சி எனக்கு எடுக்கவில்லை. டோர்வலில் வேலையில் நின்ற என் கணவருக்குத்தான் எடுத்தாள். அவர் பாதி வேலையில் வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றாமல் குசினிக்குள் போய், சோறு போட்டுக் கறி ஊற்றித் தட்டைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு தேத்தண்ணிகூடப் போட்டுத் தராத மனிதர். "முதல்லை சாப்பிடும்" என்றார். அவருக்கு வேலை போய்விட்டது, அதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் முழுவதையும் சாப்பிட்டேன். பிறகுதான் சொன்னார். அந்தச் சாப்பாட்டுக்காக அவரோடு கன நாள் கோபமாக இருந்தேன். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அந்த ஒரு தட்டுச் சோற்றில்தான் நின்றேன் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

இதை நடிகைக்குச் சொன்னேன். "மாத்தச் சொல்லுங்கோ. நான் சொல்லித் தாறன்" என்றேன், ஆங்கிலத்தில். அவர் கவனமாகக் கேட்டார், சாப்பாட்டுத் தட்டைப் பற்றி இரண்டாம் தரமும் சொல்ல வைத்துக் கேட்டார். பிறகு முடியாது என்று தலையை ஆட்டினார். "இந்தக் காட்சியில் ஒவ்வொரு சொல்லையும் மேலிடத்தில் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். ஒன்றையும் அசைக்க முடியாது. அசைத்தால் எனக்கு எதற்கு அடுத்தது எது என்று தெரியாமல் போய்விடும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலமை நான் வழக்கம்போலப் போய் நாடாவில் நின்றேன். தயாரிப்பாளர்கள் இருவரும் கறுப்புக் கோட்டோடு பின்னால் உயரக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். கோப்பி குடித்தார்கள், ஒருவரோடொருவர் பேசவில்லை. விளக்கெல்லாம் சரிவந்து நான் விலகப் போனபோது இயக்குநர் என்னை நிற்பாட்டினார். என் மூத்தவனின் வயது இருக்கும் அவருக்கு, இரவு நித்திரை கொள்ளாத முகம். "உனக்குத் தமிழ் தெரியும்தானே? தாயின் வசனத்தை நீ சொல். பக்கத்து அறையிலிருந்து, உண்மையாகவே போனில். அவளுக்கு உதவியாக இருக்கும்" என்றார்.

நான் நடிகையைப் பார்த்தேன். பூசியிருந்த நிறத்துக்குக் கீழேயும் அவர் முகம் வெளுத்துப்போனது தெரிந்தது. ஒத்திகையில் தாயின் வசனத்தை யாரோ ஆங்கிலத்தில்தான் வாசித்துக் கொடுத்தார்கள். அந்த ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தன்னுடைய தமிழை எடுத்துவிடுவார். இப்போது மற்றப் பக்கமும் தமிழ். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். "அருமையான யோசனை" என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். அதுதான் அவர் அந்தத் தொடரில் நடித்த மிகத் திறமான நடிப்பு.

கழிப்பறையில் சந்தித்தோம். இரண்டு பேரும் ஒரே கோட்டு, ஒரே தலைவாரல், கண்ணாடியில் சோடியாக நின்றோம். நான் தாயின் இரண்டு வசனத்தையும் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓசையைப் பிடித்தார். நாலைந்து தரம் சொன்னேன். "ஒரு சொல்கூட மாற்றக்கூடாது. உங்களை நம்பித்தான் போகிறேன்" என்றார். "மாத்தமாட்டன்" என்றேன்.

பக்கத்து அறையில் ஒரு மேசை, ஒரு போன், அவர் முகத்தைக் காட்டுகிற சின்னத் திரை ஒன்று. முதல் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் சொன்னார், நான் சொன்னேன், அவர் சொன்னார். ரயில் நேரம் விசாரிப்பதுபோல ஒரு மகள் அண்ணனின் சாவைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாவது அதைவிட மோசம். அரைவாசி திறந்திருந்த கதவுக்கூடாக, உயரக் கதிரைகளில் ஒன்று அசைவதும், ஒரு தயாரிப்பாளர் மற்றவரின் காதுக்குள் ஏதோ சொல்வதும் தெரிந்தது. நடிகையும் அதைப் பார்த்துவிட்டார்.

இயக்குநர் நான் இருந்த அறைக்குள் வந்தார். "நீயும் வாசிக்கிறாய், அவளும் வாசிக்கிறாள். உனக்குப் பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்படியானால் வாசிக்காதே. பிள்ளை போன் எடுத்தால் எப்படி எடுப்பாயோ அப்படி எடு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். இதுதான் கடைசித் தடவை என்று வெளியே யாரோ சொல்வது கேட்டது.

போன் அடித்தது. எடுத்தேன்.

"அம்மா" என்றார்.

அதற்குப் பிறகு "நான்தான்" என்று வரவேண்டும். வரவில்லை. ஒரு மூச்சு மட்டும் வந்தது, பாதியில் தடக்கி நின்ற மூச்சு. அது தயாரிப்பாளர்களுக்குப் பயந்த மூச்சு என்று எனக்கு இப்போது தெரியும். அப்போது எனக்கு அது தெரியவில்லை. போனில் அப்படி ஒரு மூச்சைக் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். யாரோ போய்விட்டார்கள், பிள்ளைக்குச் சொல்ல வாய் வரவில்லை என்று என் உடம்புக்கு விளங்கிவிட்டது. வசனம் எங்கே போயிற்றோ, "என்னப்பன், குரல் ஒருமாதிரிக் கிடக்கு? சாப்பிட்டியோ?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

கேட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. திரையில் அவர் கண் அப்படியே நின்றது. எந்த வசனம் இது, இதற்கு என்ன பதில், ஒன்றுமில்லை அவரிடம். நான் சரியான வசனத்தைத் திருப்பிச் சொல்லிக் காப்பாற்றலாம் என்று வாயைத் திறந்தேன், நாக்கு அசையவில்லை. அவரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஒருவரும் நிறுத்து என்று சொல்லவில்லை. அவர் போனைக் காதோடு இன்னும் இறுக்கிப் பிடித்தார். உதடு ஒருதரம் திறந்து மூடியது. கீழ்க் கண்ணிமையில் தண்ணீர் நிரம்பி நின்றது, விழவில்லை.

"ஒண்டுமில்லை அம்மா" என்றார். "பேந்து எடுக்கிறன்."

போனை மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார். வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

கதவு திறந்தது. இயக்குநர், அவருக்குப் பின்னால் தயாரிப்பாளர் ஒருவர், அவருக்குப் பின்னால் வெளிறிப்போய் நடிகை. "அது தாளில் இல்லையே. என்ன பேசினீர்கள்?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார். என்னைத்தான் கேட்க முடியும், வேறு யாருக்கும் தெரியாது. நடிகை என்னைப் பார்த்தார். தான் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியும், அதற்கு முன் நான் என்ன சொன்னேன் என்பது முழுதாகத் தெரியாது. நான் இப்போது எதைச் சொன்னாலும் அவர் அதற்குத் தலையாட்ட வேண்டிய நிலைமை.

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. யாரிலென்று கேட்டால் சொல்லத் தெரியாது. "தாய் சாப்பிட்டாயா என்று கேட்டாள்" என்றேன். "மகளால் சொல்ல முடியவில்லை. ஒன்றுமில்லை, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள். தனிய இருக்கிற தாய்க்கு எங்கள் ஆட்கள் சாவைப் போனில் சொல்லமாட்டார்கள். அது உங்கள் நடிகைக்குத் தெரிந்திருக்கிறது." தயாரிப்பாளர் நடிகையைத் திரும்பிப் பார்த்தார். "இது உன் யோசனையா?" என்றார். நான் முந்திக்கொண்டு "ஓம்" என்றேன், தமிழில். அது தயாரிப்பாளருக்கும் புரிந்தது.

பிறகு நடிகை தான் ஓய்வெடுக்கிற வண்டிக்குள் என்னைக் கூப்பிட்டார். நல்லாகத் திட்டப்போகிறார் என்று தயாராகத்தான் போனேன். "மாற்றமாட்டேன் என்று சொன்னீர்கள்" என்றார். ஓம் என்றேன். "கடைசியில் கேட்டீர்களே, அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும். என் அம்மா எனக்குத் தமிழில் சொல்வது அது ஒன்றைத்தான். அதைக் கேட்ட பிறகு மற்ற வசனம் எனக்கு வாயில் வரவில்லை" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். ஒப்பனை முழுக்கக் கரைந்து போக, நான் பக்கத்தில் இருந்து கடதாசி உருவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட்டார்.

லொஸ் ஏஞ்சலிஸ்காரி வரவில்லை. குளிர்காலம் முழுவதும் நான் அந்த நாடாவில் நின்றேன். தொடர் ஒளிபரப்பானபோது டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் முன்பின் தெரியாத பெண்கள் வந்து என்னோடு கதைத்தார்கள். "அந்தப் போன் கட்டம் பாத்து அழுதுபோட்டன். அந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்திலை எந்த இடம்?" என்று ஒருத்தி கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை.

ஆனால் அமெரிக்காவில் நல்லாயிருக்கிறது என்பதற்காக ஒரு தொடரைத் தொடரமாட்டார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், யார் பார்த்தார்கள், விளம்பரக்காரர் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் கூட்டிக் கழித்து, வசந்தகாலத்தில் மேலே எங்கேயோ முடிவெடுப்பார்கள். அதுவரைக்கும் நடிகை வேறு வேடம் எடுக்கக்கூடாது. காத்திருக்க வேண்டும். அவர் அங்கே காத்திருந்தார், நான் இங்கே. கிழமைக்கு ஒருதரம் ஒன்றும் தெரியவில்லை என்று எனக்குச் செய்தி அனுப்புவார். ஐம்பது வயதாகப் போகிறது, இதற்குப் பிறகு இன்னொன்று வராது என்று ஒருதரம் எழுதினார். வரும் என்று நான் பதில் எழுதினேன், எனக்கென்ன தெரியும்.

பனி கரைந்து, தெரு ஓரத்தில் அழுக்குத் தண்ணீர் ஓடுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் கணவருக்கு வேலை இல்லாத நாள். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் சோற்றுக்குக் கத்தரிக்காய்க் குழம்பை விட்டுப் பிசைந்து முதல் வாய் எடுக்க, போன் அடித்தது. அமெரிக்க இலக்கம். இடக்கையால் எடுத்தேன்.

"அக்கா" என்றார்.

பிறகு ஒரு மூச்சு. பாதியில் நின்றது.

"அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். தமிழில், நிறுத்தி நிதானமாக.

நீதிபதியின் மேசை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. என் கணவர் சோற்றில் கையை வைத்தபடி என் முகத்தைப் பார்த்தார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"ஓம் தங்கச்சி, நான் சாப்பிட்டிட்டன்" என்றேன். "சொல்லுங்கோ."